பவுசருக்குள் முன்பு என்ன இருந்தது?

எங்கள் வீட்டுக் குசினி மூலையில் ஒரே உயரமான இரண்டு போத்தல்கள் நிற்கும். ஒன்றில் தேங்காயெண்ணெய், மற்றதில் மண்ணெண்ணெய். இரண்டையும் சங்கக்கடைக்குக் கொண்டுபோய் நிரப்பி வருவது சிறுவனாயிருந்த என்னுடைய பொறுப்பு. மண்ணெண்ணெய்ப் போத்தலின் கழுத்திலே அம்மா ஒரு சிவப்புத் துணிநாடாவை இறுகக் கட்டியிருந்தார். புனலும் இரண்டு வைத்திருந்தார். ஒருநாள் அவசரத்தில் புனலை மாற்றி வைத்துவிட்டேன். அன்று வாங்கிவந்த தேங்காயெண்ணெய் முழுவதும் விளக்கெரிக்கத்தான் பயன்பட்டது. இரண்டு துளிதானே என்று நான் வாதாடியபோது, "துளி கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும்" என்றார் அம்மா.

பல ஆண்டுகள் கழித்து, 1999 மே மாத இறுதியில், கொழும்பிலே பத்திரிகை அலுவலகமொன்றின் வெளிநாட்டுச் செய்தி மேசையில் இருந்தபோது, பெல்ஜியத்தில் கோழியிறைச்சியும் முட்டையும் கடைகளிலிருந்து அகற்றப்படுவதாக ஒரு செய்தி வந்தது. நமது நாட்டுப் போர்ச் செய்திகளே பக்கங்களை நிறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பியக் கோழிகளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று எண்ணி, அதனை நாலு வரியாகச் சுருக்கி உட்பக்கத்தின் அடியில் போட்டேன். சில நாட்களில் அந்த நாட்டின் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினர். இரண்டு வாரங்களில் அரசாங்கமே தேர்தலில் வீழ்ந்தது. செய்தியின் எடையைத் தவறாக நிறுத்துவிட்டேன் என்ற உறுத்தல் அன்று தொடங்கியது. அதன் பின்னர் இந்த விடயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்தேன். அவற்றுள் சிலவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படை விளக்கம். கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் ஊட்டப்படும் கலவைத் தீவனம் என்றால் சோளமும் சோயாப் புண்ணாக்கும் தவிடும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் பெரிய தீவன ஆலைகளின் பின்புறத்திலே வரிசையாக நிற்கும் தொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, அதில் கணிசமான பங்கு திரவம் என்பது தெரியும். உருக்கிய விலங்குக் கொழுப்பு, பாமெண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கொழுப்பமிலங்கள், மீனெண்ணெய், சீனி ஆலையிலிருந்து வரும் கருநிறக் கழிவுப்பாகு, குளுக்கோசுப் பாகு, பாற்கட்டி செய்தபின் எஞ்சும் மோர்நீர் ஆகியவை பவுசர்களிலும் கப்பல் தொட்டிகளிலும் வந்து இறங்குகின்றன. கொழுப்பு விலங்குக்குச் சக்தி கொடுக்கும், தூசியை அடக்கும். பாகு சுவை கூட்டும், தீவனக் குளிகைகள் உதிராமல் பிடித்து வைக்கும்.

இவற்றிற் பெரும்பாலானவை வேறொரு தொழிலின் கடைசிப் பொருட்கள். எண்ணெய் ஆலைக்கும் சீனி ஆலைக்கும் இறைச்சிக்கூடத்துக்கும் வேண்டாதது இங்கே மூலப்பொருளாகிறது. ஒன்றும் வீணாகாமற் போவது நல்லதே. ஆயினும் ஒரு பொருளை விற்பவன் அதனைக் கழிவாகப் பார்க்கிறான், வாங்குபவன் உணவாகப் பார்க்கிறான். இந்த இரண்டு பார்வைகளும் சந்திக்கும் இடம் பவுசரின் மூடி. அதற்குள் இதற்கு முன் என்ன இருந்தது, அது எவ்வாறு கழுவப்பட்டது என்று கேட்க வேண்டியவர் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதே இந்த வரலாறு.

திரவத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மூட்டையில் வரும் தானியத்தில் ஒரு மூட்டை கெட்டால் அந்த மூட்டையைத் தூக்கி எறியலாம். திரவமோ கெட்டதைத் தன்னுள் சமமாகப் பரப்பிவிடும். 25 தொன் பவுசர் ஒன்றின் அடியிலும் குழாய் வளைவுகளிலும் பம்பியின் வயிற்றிலும் முந்தைய சரக்கு 25 கிலோ தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் மூக்குக்கும் தெரியாது. அந்த 25 தொன் கொழுப்பு நூற்றுக்கு நான்கு வீதம் தீவனத்தில் சேர்க்கப்படுமானால் 625 தொன் தீவனமாக மாறி, ஊர் ஊராகப் பண்ணைகளுக்குப் போய்விடும்.

*

கதை தொடங்குவது 1957இல், அமெரிக்காவில். அந்நாட்டின் கிழக்கு, மத்திய மேற்குப் பகுதிகளில் இறைச்சிக்கோழிக் குஞ்சுகள் இலட்சக்கணக்கில் மடியத் தொடங்கின. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது இதயத்தைச் சூழ்ந்த உறையிலும் வயிற்றறையிலும் நீர் கோத்திருந்தது. கிருமி எதுவும் அகப்படவில்லை. தீவனத்தில் சேர்த்த கொழுப்புத்தான் காரணம் என்பது விரைவில் தெரிந்தது. ஆனால் கொழுப்பில் இருந்த நஞ்சு எது என்று சொல்ல இயலவில்லை. பெயர் தெரியாத அந்தப் பொருளுக்குக் 'கோழிக்குஞ்சு வீக்கக் காரணி' என்று ஒரு தற்காலிகப் பெயரிட்டார்கள். உணவிலும் தீவனத்திலும் சேர்க்கும் கொழுப்பமிலங்களில் இக்காரணி இருக்கலாகாது என்று அமெரிக்க ஒழுங்குவிதிகளிலும் எழுதினார்கள். இன்னதென்று அறியாத ஒன்றைச் சட்டம் போட்டுத் தடுத்த விந்தையை இங்கே காண்கிறோம்.

அது டயொக்சின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் நிறுவுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அது வந்த வழியும் தெரிந்தது. மாட்டுத்தோலைப் பதனிடும் இடங்களில், தோல் அழுகாதிருக்கக் குளோரோபீனோல் வகை இரசாயனங்களைப் பூசுவார்கள். அந்தத் தோலிலிருந்து சுரண்டிய கொழுப்பு உருக்கப்பட்டுத் தீவனக் கொழுப்போடு சேர்ந்துவிட்டது. தோல் பதனிடுபவருக்கு அது கழிவு. வாங்கியவருக்கோ மலிவான கொழுப்பு.

அடுத்தது ஜப்பான், 1968. கியூஷூ தீவின் வடக்கே கித்தாகியூஷூ நகரில் கனேமி என்ற நிறுவனம் தவிட்டெண்ணெய் தயாரித்து வந்தது. எண்ணெயின் வாடையை நீக்க அதனை 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்குவார்கள். சூடாக்கும் சுருள் குழாய்களுக்குள் ஓடியது பி.சி.பி. என்னும் பொலிகுளோரினேற்றிய பைபீனைல் திரவம். எளிதில் தீப்பிடிக்காது, சிதையாது என்பதனால் அக்காலத் தொழிலகங்கள் பலவும் அதனை விரும்பிப் பயன்படுத்தின. அந்தச் சுருளிலிருந்து கசிந்த திரவம் எண்ணெயோடு கலந்தது.

மேற்கு ஜப்பானில் அவ்வாண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழிகள் சாகத் தொடங்கின. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன. தீவனத்தில் சேர்க்கப்பட்ட, அதே ஆலையின் துணைப்பொருளான கறுப்பு எண்ணெய்தான் காரணம் என்று அறிந்து விவசாயத் துறை அதிகாரிகள் ஆலைக்கே போனார்கள். விசாரித்தார்கள், திரும்பினார்கள். அதே கூரையின் கீழே, அதே தவிட்டிலிருந்து மனிதருக்கான எண்ணெயும் போத்தல்களில் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர்கள் விசாரிக்கவில்லை. அவர்களது துறை விலங்குத்தீவனம். மனித உணவு வேறொரு அமைச்சின் கீழ் இருந்தது.

ஒக்டோபர் மாதம் பத்திரிகைகள் வெளிப்படுத்தும் வரை மக்கள் அந்த எண்ணெயில் சமைத்தார்கள். முகத்திலும் முதுகிலும் கரிய பருக்கள், கண்ணிமை வீக்கம், கைகால் மரத்துப்போதல், ஓயாத களைப்பு. நோயுற்ற தாய்மார்களுக்குத் தோல் கறுத்த குழந்தைகள் பிறந்தன. 'யூஷோ', அதாவது எண்ணெய் நோய் என்று அதற்குப் பெயர். தாம் பாதிக்கப்பட்டதாகப் பதினாலாயிரம் பேர் வரை முறையிட்டார்கள். நோயாளர் என்று அரசு ஏற்றுக்கொண்டது அதில் ஒரு சிறு பங்கினரை மட்டுமே. கோழிகள் இறந்ததற்கும் மனிதரின் நோய் வெளிவந்ததற்கும் இடையே இருந்த ஏழெட்டு மாதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தமது மேசைக்கு அப்பால் எட்டிப் பார்க்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

*

இனி பெல்ஜியம். நான் நாலு வரியில் முடித்த செய்தி.

அந்நாட்டில் கோழி பொரித்த கொழுப்பையும், வீடுகளில் உருளைக்கிழங்கு பொரித்து எஞ்சிய எண்ணெயையும் சேகரித்து உருக்கித் தீவன ஆலைகளுக்கு விற்பது ஒழுங்கான ஒரு தொழிலாகவே நடந்து வந்தது. பெல்ஜியர் உருளைக்கிழங்குப் பொரியலில் எவ்வளவு பிரியமுள்ளவர்கள் என்பதை அங்கே வாழும் நம்மவர் அறிவர். பாவித்த எண்ணெயைப் பொதுமக்கள் கொண்டுவந்து ஊற்றுவதற்கு நகரசபைக் கழிவு சேகரிப்பு நிலையங்களில் பீப்பாய்கள் இருந்தன. அதே நிலையங்களுக்குத்தான் பழைய இயந்திர எண்ணெய்களும் வந்தன.

தெற்கே ஃபோகரா என்ற நிறுவனம் சேகரித்த கொழுப்பிலே பழைய மின்மாற்றிகளுக்குரிய பி.சி.பி. எண்ணெய் கலந்துவிட்டது. அந்தக் கொழுப்பு டெய்ன்சே நகரிலிருந்த வெர்கெஸ்ட் என்ற கொழுப்பு நிறுவனத்தின் தொட்டிக்குப் போனது. 1999 ஜனவரியில் அங்கிருந்து தீவன ஆலைகளுக்குப் பவுசர்கள் புறப்பட்டன. பின்னர் விஞ்ஞானிகள் கணக்கிட்டபடி, ஏறத்தாழ 500 தொன் தீவனத்தில் சுமார் 50 கிலோ பி.சி.பி.யும் ஒரு கிராம் டயொக்சினும் சேர்ந்தன. ஐம்பது கிலோ என்பது ஒரு மூட்டைச் சீமெந்தின் நிறை. ஒரு கிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பு. இந்த அளவுதான் ஒரு நாட்டின் உணவு வாணிபத்தை ஸ்தம்பிக்க வைத்தது. பெருமளவு பெல்ஜியத்திலும் சிறிதளவு நெதர்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய நாடுகளிலும் அத்தீவனம் பண்ணைகளை அடைந்தது.

பெப்ரவரியில் கோழிப்பண்ணையாளர் முறையிடத் தொடங்கினர். முட்டைகள் குறைந்தன. அடைவைத்தவை பொரிக்கவில்லை. பொரித்த குஞ்சுகளும் தள்ளாடி விழுந்து செத்தன. ஐயம் தீவனத்தின் மீதும், அதிலிருந்த கொழுப்பின் மீதும் திரும்பியது. வழமையான பரிசோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. அமெரிக்காவின் 1957 நிகழ்வு இங்கேதான் உதவிக்கு வந்தது. குஞ்சுகளின் உடலில் கோத்திருந்த நீர், பழைய நூல்களில் விவரிக்கப்பட்டிருந்த வீக்கநோயை ஒத்திருந்தது. அப்படியாயின் தேட வேண்டியது டயொக்சின். அக்காலத்தில் அதனை அளந்து சொல்லக்கூடிய ஆய்வுகூடங்கள் மிகச் சில. மாதிரிகள் நெதர்லாந்தின் வாகெனிங்கன் நகரிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. ஏப்ரல் 26ஆம் திகதி முடிவு வந்தது. கோழிக்கொழுப்பிலும் முட்டையிலும் இயல்பான அளவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு டயொக்சின்.

ஏப்ரல் 26க்கும் மே மாத இறுதிக்கும் இடையே ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதம் பெல்ஜிய மக்கள் கோழியும் முட்டையும் உண்டுகொண்டிருந்தார்கள். அதிகாரிகள் ஓசையின்றிச் சில பண்ணைகளை முடக்கி, எந்த ஆலைக்கு எவ்வளவு கொழுப்புப் போனது என்று பற்றுச்சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பொதுமக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. தேர்தலோ ஜூன் 13இல். மே மாத இறுதியில் தொலைக்காட்சிச் செய்தி விடயத்தை உடைத்தது. அரச மிருக வைத்திய அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு எதிர்க்கட்சித் தலைவர் கீ வெர்ஹோஃப்ஸ்டாட்டின் கைக்குப் போனது. அமைச்சர்களுக்கு எப்போது தெரியும் என்பது அதிலிருந்து வெளிப்பட்டது. ஜூன் முதலாம் திகதி விவசாய அமைச்சர் காரெல் பின்க்ஸ்டனும் சுகாதார அமைச்சர் மார்சல் கோலாவும் பதவி விலகினர். தேர்தலில் பிரதமர் ஜோன் லுக் டெஹானின் கூட்டணி தோற்றது. 1958க்குப் பின் முதன்முறையாகக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் இல்லாத அரசாங்கம் பெல்ஜியத்தில் அமைந்தது. வெர்ஹோஃப்ஸ்டாட் பிரதமரானார்.

சுமார் 70 இலட்சம் கோழிகளும் 60,000 பன்றிகளும் அழிக்கப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நஞ்சுண்டவை அல்ல. எவை உண்டன, எவை உண்ணவில்லை என்று பிரித்துக் காட்டும் ஏடுகள் சரியாக இல்லாததே அவற்றின் குற்றம். இதனை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கலப்படம் ஒரு தொட்டியில் நடந்தது. அழிவோ பதிவேட்டின் வெற்றிடத்தால் நடந்தது. பின்னர் இறைச்சி, முட்டை, பால், தீவனம் என்று எடுத்துச் சோதிக்கப்பட்ட மாதிரிகள் 20,000க்கு மேல். 2009இல் கெந்த் நகர நீதிமன்றம் கொழுப்பு வியாபாரத்தில் சம்பந்தப்பட்டோருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. நஞ்சு பவுசரில் ஏறிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

இதன் விளைவாகப் பெல்ஜியம் 2000ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்புக்கெனத் தனி முகவரகம் ஒன்றைச் சட்டமூலம் உருவாக்கியது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் பொது உணவுச் சட்டத்தை இயற்றி, உணவாயினும் தீவனமாயினும் யாரிடமிருந்து வாங்கினாய், யாருக்கு விற்றாய் என்பதற்கு ஒவ்வொருவரும் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதித்தது.

சட்டத்தின் மை உலர்வதற்குள் அடுத்தது வந்தது. 2002 கோடையில் நெதர்லாந்துப் பன்றிப் பண்ணைகளில் பெண்பன்றிகள் சினைப்படாமற் போயின. தேடிப் பார்த்ததில், அயர்லாந்திலிருந்த மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் ஹோர்மோன் மாத்திரைகளுக்குச் சீனிப்பூச்சு இட்டபின் மிஞ்சிய சீனிநீர் பெல்ஜியத்துக்கு வந்து, குளுக்கோசுப் பாகோடு கலக்கப்பட்டுத் திரவத் தீவனமாக விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மனிதப் பெண்களுக்குரிய ஹோர்மோன் மருந்து பன்றிகளின் வயிற்றில் தன் வேலையைச் செய்திருந்தது. நகைப்புக்கிடமான செய்திபோல் தோன்றும். பண்ணையாளருக்கு அப்படித் தோன்றவில்லை.

2010இன் இறுதியில் ஜேர்மனி. எம்டன் துறைமுக நகரில் பாவித்த பொரியல் எண்ணெயிலிருந்து உயிர்டீசல் தயாரிக்கும்போது மிஞ்சிய கொழுப்பமிலம் 'தொழில்நுட்பப் பாவனைக்கு' என்று விற்கப்பட்டது. கடதாசி ஆலை போன்றவற்றுக்கு அது பயன்படும். இடைத்தரகர் வழியாக அது ஊற்றர்சன் நகரின் ஹார்லெஸ் உண்ட் யென்ச் என்ற தீவனக் கொழுப்பு நிறுவனத்தை அடைந்து, தீவனத்துக்குரிய கொழுப்போடு கலந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே பிசுபிசுப்பு. வேறுபாடு பத்திரத்தில் எழுதப்பட்ட ஒரு சொல்லில் மட்டுமே இருந்தது. 3,000 தொன் வரையான கொழுப்பு ஐயத்துக்குள்ளானது. 2011 ஜனவரியில் ஒரு கட்டத்தில் 4,700க்கும் மேற்பட்ட பண்ணைகளுக்கு விற்பனைத் தடை விதிக்கப்பட்டது. தென்கொரியாவும் சீனாவும் ஜேர்மன் பன்றியிறைச்சியைத் தடுத்தன. நிறுவனம் அந்த மாதமே திவாலானது. முந்தைய மார்ச் மாதத்திலேயே தனியார் பரிசோதனையொன்று எச்சரித்திருந்ததும் வெளிவந்தது. பெல்ஜியத்தில் ஒரு மாத மௌனம். இங்கே ஒன்பது மாதம்.

*

இவ்வளவு பட்டறிவுக்குப் பின் தொழிலில் என்ன மாறியது? பலவும் மாறின. அவற்றை வகுத்தவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது.

கடல்வழியே எண்ணெய் ஏற்றுவோருக்கு முன்னமே ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் தொட்டியில் கடைசியாக ஏற்றிய மூன்று சரக்குகள் எவை என்று தலைமை மாலுமி எழுத்தில் காட்டவேண்டும். இலண்டனிலுள்ள எண்ணெய், வித்து, கொழுப்பு வணிகச் சங்கங்களின் சம்மேளனம், எந்தச் சரக்குக்குப் பின் உணவெண்ணெய் ஏற்றலாம், எதற்குப் பின் ஏற்றக்கூடாது என்று பட்டியல்கள் வைத்திருக்கிறது. ஈயம் சேர்த்த பெற்றோலியப் பொருள் அந்த மூன்று சரக்குகளில் எதுவாகவும் இருக்கக்கூடாது. தரைவழியே தீவனம் ஏற்றும் ஐரோப்பிய பவுசர்களுக்கும் இதே மூன்று சரக்குக் கேள்வி வந்து சேர்ந்தது. தீவனத் தர நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு சர்வதேசத் தரவுத்தளத்தை அமைத்தன. ஒவ்வொரு சரக்கின் பெயருக்கும் எதிரே, அதற்குப் பின் எத்தகைய கழுவல் வேண்டும் என்று அதில் குறித்திருக்கும். உலர்ந்த துப்புரவு, தண்ணீரால் கழுவல், சவர்க்காரப் பொருளிட்டுக் கழுவல், அதன்மேல் கிருமிநீக்கம் என்று நான்கு படிகள். சில சரக்குகளுக்கு எந்தக் கழுவலும் போதாது. அவற்றை ஏற்றிய தொட்டிக்குள் தீவனம் செல்லவே கூடாது.

ஜேர்மன் நிகழ்வுக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் விதியை மேலும் இறுக்கியது. தாவர எண்ணெய்த் துணைப்பொருட்களைத் தீவனத்துக்கு விற்போரும் கொழுப்புக் கலப்போரும் அரச அங்கீகாரம் பெறவேண்டும். டயொக்சின் பரிசோதனை கட்டாயம். தீவனக் கொழுப்புக்குரிய தொட்டியும் பவுசரும் வேறெதற்கும் பயன்படலாகாது. தவிர்க்க முடியாது பயன்பட்டால், கலப்புக்கு இடமில்லாதவாறு செவ்வனே கழுவப்பட வேண்டும்.

ஏற்றும் மேடையில் நடக்கவேண்டியவை கேட்பதற்கு மிகச் சாதாரணமானவை. ஏணியில் ஏறி மூடியைத் திறந்து டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்ப்பது. தொட்டி வெறுமையாகவும் உலர்ந்தும் மணமற்றும் இருக்கிறதா என்பது. அடித்திறப்பு வாயிலைத் திறந்து ஏதேனும் சொட்டுகிறதா என்பது. பம்பியும் நெளிகுழாயும் கழுவப்பட்டனவா என்பது. தொட்டியைப் பளபளப்பாகக் கழுவிவிட்டு, பக்கத்தில் கொளுவியிருக்கும் குழாயை மறந்துவிடுவதுதான் இத்தொழிலில் அடிக்கடி நேரும் தவறு. கழுவிய தண்ணீர் மீந்திருந்தாலும் ஆபத்து உண்டு. கொழுப்போடு நீர் சேரும் இடத்தில் சல்மொனெல்லாக் கிருமி குடியேறும். ஆதலால் கழுவினால் மட்டும் போதாது, உலர்த்தவும் வேண்டும். பித்தளை, வெண்கல வாயில்கள் ஆகாது, செம்பு பட்டால் கொழுப்பு விரைவில் காறும். கொழுப்பை உருகிய நிலையில் வைத்திருக்கும் சுருள்களில் வெந்நீரோ நீராவியோ ஓடுவதே உத்தமம். கித்தாகியூஷூவின் பாடம் இது. ஒவ்வொரு ஏற்றத்திலும் மாதிரி ஒன்றை எடுத்து முத்திரையிட்டு வைக்கவேண்டும். பின்னர் வழக்கு என்று வந்தால் பேசுவது அந்தச் சிறிய போத்தல்தான். இறக்கும் இடத்திலும் கவனம் தேவை. ஆலையின் சுவரில் நான்கு குழாய்வாய்கள் ஒரே மாதிரி இருந்து, நள்ளிரவில் புதிய சாரதி வந்தால், சுத்தமான எண்ணெயும் பிழையான தொட்டிக்குள் போய்விடும். அதனால்தான் வாய்களுக்குப் பெயரும் பூட்டும் போடுகிறார்கள்.

இதிலே விஞ்ஞானம் அதிகமில்லை. நேரமும் பணமும்தான் வேண்டும். கழுவும் நிலையத்துக்கு வண்டியைத் திருப்பினால் அரை நாள் போகும். வெறும் வண்டியாக ஊர் திரும்பினால் நட்டம். திரும்பும் வழியில் எதையாவது ஏற்றிக்கொள்வதே லொறித் தொழிலின் இலக்கணம். 1994இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்ததும் இதுவே. பதப்படுத்தாத முட்டைத் திரவத்தை இறக்கிய பவுசர்கள், பதப்படுத்திய ஐஸ்கிறீம் கலவையை ஏற்றிக்கொண்டு வந்தன. சல்மொனெல்லாவும் கூட வந்தது. நாடு முழுவதும் சுமார் 2,24,000 பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். கலவை ஏற்கெனவே கிருமி நீக்கம் செய்யப்பட்டது என்ற நம்பிக்கையில், ஆலையில் அதனை மறுபடி சூடாக்கவில்லை. மனித உணவையும் விலங்குத் தீவனத்தையும் ஒருசேர எடுத்துச் செல்லும் வண்டிகளின் துப்புரவு குறித்து அமெரிக்கா விரிவான விதியை வெளியிட்டது 2016இல்.

கடைசியாகச் சீனா. இது மனிதர் உண்ணும் எண்ணெயைப் பற்றியது. ஆயினும் பவுசர் அதே பவுசர்தான். 2024 ஜூலையில் பீஜிங் நியூஸ் பத்திரிகை ஒரு புலனாய்வுக் கட்டுரையை வெளியிட்டது. அதன் நிருபர் பவுசர்களைப் பின்தொடர்ந்திருந்தார். வடமேற்கே நிங்சியாவிலிருந்து நிலக்கரியில் வடித்த திரவ எரிபொருளை ஏற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வந்து கரையோர நகரொன்றில் இறக்கிய வண்டி, கழுவப்படாமலே இன்னோர் ஊரின் எண்ணெய் ஆலைக்குள் நுழைந்து சோயா எண்ணெயை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தது. சாரதிகளைக் கேட்டால் அது தொழிலில் எல்லாரும் அறிந்த இரகசியம் என்றார்கள். கழுவினால் சில நூறு யுவான் செலவு. வாடகை குறைந்துபோன காலத்தில் அந்தச் சில நூறுதான் இலாபம். ஏற்றும் இடத்தில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் எவரும் இல்லை. சமையலெண்ணெய்க்குத் தனி வண்டி வேண்டும் என்ற தரவிதி அந்நாட்டில் 2013 முதல் இருந்தது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே, கட்டாயம் அன்று.

நானும் நிருபராக அலைந்தவன் என்பதால், அந்தக் கட்டுரையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. அவரிடம் ஆய்வுகூடம் இல்லை, அளவைக் கருவி இல்லை, இரகசிய ஆவணம் இல்லை. ஒரு வண்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அது எங்கே இறக்குகிறது, அடுத்து எங்கே ஏற்றுகிறது, நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றும் மேடையில் நின்ற எவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை அவர் நெடுஞ்சாலையில் நின்று கேட்டார்.

ஆகஸ்ட் மாதத்தில் விசாரணை முடிவு வந்தது. நிறுவனங்களுக்குத் தண்டம், சாரதிகள் மீது வழக்கு. 2025 பெப்ரவரி முதலாம் திகதி புதிய கட்டாயத் தரவிதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி அங்கே எண்ணெய் ஏற்றும் பவுசர் வேறெதையும் ஏற்றலாகாது. தொட்டியின் புறத்தே, பார்த்தவுடன் தெரியும்படி, 'சமையலெண்ணெய்க்கு மட்டும்' என்று எழுதியிருக்க வேண்டும்.